ரேடியேட்டர் குளிர்ந்து கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள்

மச்சான் போன வருஷம் கொச்சியிலிருந்து ஒரு பழைய செடான் வாங்கி வந்தார். 3.0 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், அதன் தலையில் சூப்பர்சார்ஜர். முதல் மாசம் அவர் கால் தரையில் பாவவில்லை. அப்புறம்தான் புலம்பல். காலையில் நாகர்கோவிலில் கிளம்பி ஆரல்வாய்மொழி தாண்டுகிறவரை பறக்கிற வண்டி, மார்த்தாண்டம் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்தால் செத்துப்போகிறதாம். மிதித்தால் சத்தம் வருகிறது, வேகம் வரவில்லை. வேறு ஊர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் சூப்பர்சார்ஜரையே மாற்றவேண்டும் என்று லட்சக்கணக்கில் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் நான் இதில் மூக்கை நுழைத்தேன்.

சூப்பர்சார்ஜர் என்பது எஞ்சின் பெல்ட்டில் சுற்றுகிற ஒரு காற்றுப் பம்ப், அவ்வளவுதான். பஞ்சர் கடை கம்ப்ரசரிலிருந்து டேங்குக்குப் போகிற குழாயைத் தெரியாமல் தொட்டவர்களுக்கு விளக்கமே வேண்டாம், காற்றை அமுக்கினால் சுடும். 32 டிகிரியில் இருக்கிற நம்ம ஊர் காற்றை வெளிக்காற்று அழுத்தத்தைவிட 0.6 பார் கூடுதலாக அமுக்கினால் (இதற்குத்தான் பூஸ்ட் என்று பேர்), வெளியே வரும்போது அது 100 டிகிரி பக்கம் போய்விடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் சிலிண்டருக்குள் போகிற ஆக்சிஜனும் குறைவு. போதாததற்கு நாக்கிங், அதாவது பெட்ரோல் கலவை கண்டபடி வெடிக்கிறது வந்துவிடுமோ என்று எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், அங்கேயும் இழுவை போகும். இதைத் தடுக்கத்தான் அந்தக் காற்றைக் குளிரவைக்கிற இன்டர்கூலர். இந்த வண்டியில் அது தண்ணீர் வகை: எஞ்சின் கூலன்டோடு சேராத தனித் தண்ணீர், தனியாக ஒரு சின்ன எலெக்ட்ரிக் பம்ப், முன்பக்கம் தனி ரேடியேட்டர்.

மச்சான் வீடு குளச்சலில், கடலிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே முற்றத்தில் வைத்தே வண்டியின் கம்ப்யூட்டர் சொல்கிற அளவுகளைப் படிக்கிற ஓபிடி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் ஐடிலில், அதாவது நகராமல் எஞ்சின் மட்டும் ஓட நின்றதும், எஞ்சினுக்குள் போகிற இன்டேக் காற்று 71 டிகிரி. முன்னால் போய் அந்தச் சின்ன ரேடியேட்டரைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. "பார்த்தியா, கூலிங் சூப்பரா இருக்கு" என்று மச்சானுக்கு ஒரே சந்தோஷம். கூட வந்த மெக்கானிக் அண்ணன் சிரித்துவிட்டார். "மக்கா, மேல அடுப்பு எரியுது, கீழ இது பச்சத்தண்ணியா கெடக்கு. தண்ணி ஓடலல்லா!"

அதுதான் விஷயம். சூடு ரேடியேட்டருக்கு வந்து சேர்ந்தால்தானே அது சுடும்? பம்பைக் கழற்றி நேரடியாக பேட்டரியில் கொடுத்தோம். முனகியது, சுற்றவில்லை. ரேடியேட்டர் மட்டும் என்ன வாழ்ந்தது, கீழ் வரிசைத் தகடுகளை விரலால் நெருடினால் உப்பு அரித்து வெள்ளைப் பொடியாக உதிர்கிறது, மேலே முழுக்க செத்த பூச்சி.

இரண்டையும் மாற்றினோம். தண்ணீர் நிரப்பும்போது மச்சான் கிணற்று வாளியோடு வந்து நின்றார், நல்லவேளை பார்த்தேன். அலுமினியத்துக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றினால் உள்ளேயும் அதே வெள்ளைப் பொடிதான். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றினோம். நம்ம ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை, ஆனாலும் துருத்தடுப்புக்காகக் கூலன்ட் வேண்டும். அப்புறம் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவைத்து, பம்பை ஓடவிட்டு, ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து குழாய்க்குள் மாட்டிக்கொண்ட காற்றை எடுத்தோம். இதற்குத்தான் முக்கால் மணி நேரம் ஆனது. குமிழி நின்றுவிட்டது என்று மூடப்போனால் மறுபடி பொளக் பொளக். இந்த இடத்தில் அவசரப்பட்டால் புதுப் பம்ப் போட்டும் பிரயோஜனமில்லை.

முதலில் ஐடில் வைத்துப் பார்த்தோம், அதே அரை மணி நேரத்துக்கு 47. பிறகு காற்றாலைகள் நிற்கிற முப்பந்தல் வரை ஓட்டிப் பார்த்தோம். ஆடிக் காற்று. போகும்போது அது முதுகில் தள்ளுகிறது, ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. திரும்பும்போது அதே 80 கிலோமீட்டர் வேகத்தில், எதிர்காற்றில் நாலைந்து டிகிரி இறங்கிவிட்டது. காற்றாலைக்கு மட்டும்தான் அந்தக் காற்று என்று நினைத்திருந்தேன்.

2018 மாடல் டாட்ஜ் டீமன் என்ற அமெரிக்கக் காரில் ஏசியின் குளிரையே திருப்பிவிட்டு இந்தத் தண்ணீரைக் குளிரவைக்கிறார்கள், வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேனும் பம்பும் ஓடும். அருமையான யோசனைதான், ஆனால் அது நேர்கோட்டில் கால் மைல் பாய்கிற டிராக் ரேஸுக்கு. இதை மச்சானிடம் சொன்னது என் தப்பு. ராத்திரியே அதுபோல நம்ம வண்டிக்கும் செய்யமுடியுமா என்று மெசேஜ் வந்தது, கூடவே சூப்பர்சார்ஜரைச் சுற்றுகிற பெல்ட் சக்கரத்துக்குப் பதில் சின்ன புல்லி போட்டு பூஸ்டை ஏற்றுகிற வீடியோ ஒன்று. நீல டிக் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.