நீல உடுப்புக்காரர் நால்வரும் நானும்

பெப்ரவரி 5, 2025, புதன்

நேற்றுச் சுதந்திர தின விடுமுறை, அச்சகம் பூட்டு. பின்னேரம் அக்கா வீட்டு விறாந்தையில் மருமகனின் கைப்பேசியில் ‘தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ படத்தின் முதல் முன்னோட்டத்தைப் பார்த்தேன். விண்வெளிக்குப் போய் அதிசய சக்தி பெற்றுத் திரும்பும் நால்வர் பற்றிய மார்வெல் சித்திரக்கதைதான் மறுபடி படமாகிறது. இரவு வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாகப் போட்டு, நிறுத்தி நிறுத்தி மறுபடியும் பார்த்தேன். பக்க வடிவமைப்புச் செய்கிறவனுக்கு இது தொழில் வியாதி.

கதை நடப்பது 1960களில். ஆனால் நாம் அறிந்த 1960கள் அல்ல. பறக்கும் காரும் வீட்டு அலுவல் பார்க்கும் ஹேர்பி என்ற ரோபோவும் உள்ள இன்னொரு பூமி. நால்வருக்கும் இளநீல உடுப்பு. கல்லுடம்புக்காரன் பென் சமையலறையில் நின்று சமைக்கிறான். சண்டையைக் காட்டுவதற்கு முன்னர் சாப்பாட்டைக் காட்டத் துணிந்திருக்கிறார்களே என்று பாதி மனம் அங்கேயே போய்விட்டது.

மற்றப் பாதி அசையவில்லை. 1994இல் எடுத்த படம் வெளியாகவேயில்லை. 2005, 2007, 2015 என்று அதற்குப் பிறகும் மூன்று முறை சூடுபட்டிருக்கிறோம். அதிலும் 2007ஆம் ஆண்டுப் படத்தில், கோள்களைத் தின்னும் கலக்டஸை ஒரு புகைமண்டலமாகக் காட்டிக் கையைக் கழுவியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இம்முறை உருவம் உண்டு, ஊதாக் கவசமும் உண்டு என்கிறார்கள். ஆனால் றப்பர் போல நீளும் ரீட் இந்த முன்னோட்டத்தில் நீளுவதாகவே தெரியவில்லை. அந்தக் காட்சிகள் இன்னும் முடியவில்லையா, அல்லது பார்க்கச் சகிக்காமல் ஒளித்து வைத்திருக்கிறார்களா?

பெப்ரவரி 7, வெள்ளி

விரல் சண்டை. படத்தின் சுவரொட்டி ஒன்றில் கூட்டத்தில் கொடி பிடித்து நிற்கும் ஒருவருக்கு நான்கு விரல்தான் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு வரைந்தது என்று உலகமே கத்துகிறது. நிறுவனம் இல்லவே இல்லை என்கிறது. பெரிதாக்கி எண்ணிப் பார்த்தேன். நான்குதான்.

எங்கள் அச்சகத்துக்கு வரும் சாமத்தியவீட்டு (பூப்புனித விழா) பதாகைகளில் இப்போது மூன்று கால் மயில்கள் நிற்கின்றன. வாடிக்கையாளருக்குக் காட்டினால், “பரவாயில்லைத் தம்பி, வடிவாக இருக்கிறதுதானே” என்கிறார்கள். நாங்கள் சாமத்தியவீட்டுக்கு அடிக்கிறோம், நாலு நாளில் கழற்றிவிடுவார்கள். கையால் சுவரொட்டி தீட்டிய காலத்தைப் பற்றி ஒரு படம் எடுத்துவிட்டு, அச்சுக்கு அனுப்புமுன் ஒருவர்கூட விரலைப் பார்க்கவில்லை என்றால் எப்படி? மனிதன் வரைந்தானா, இயந்திரம் வரைந்ததா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான்.

மார்ச் 27, வியாழன்

மார்வெல் வீரர்கள் எல்லாரும் கூடும் அடுத்த அவெஞ்சர்ஸ் படத்தில் யார் யார் நடிக்கிறார்கள் என்று, ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் பெயர் எழுதிய கதிரைகளை ஒவ்வொன்றாகக் காட்டி அறிவித்தார்கள். கதிரையைப் பார்க்க இத்தனை சனம் விழித்திருந்ததை எந்தக் காலக் கணக்கில் எழுதுவது! அந்தக் கதிரைகளில் நம்முடைய நால்வரின் பெயர்களும் இருக்கின்றன. ஆகவே ஜூலையில் வரும் இந்தப் படத்தில் இவர்கள் யாரும் சாகப்போவதில்லை. கலக்டஸ் எவ்வளவு பெரிதாக வந்தாலும் எனக்கு என்ன பயம்?

மருமகன்தான் சொன்னான்: “மாமா, அவர்கள் தப்புவார்கள். அவர்களுடைய பூமி தப்பும் என்று யார் சொன்னது?” அட. இன்னொரு பூமியில் கதையை வைத்ததே அதை அழித்துவிட்டு நால்வரை மட்டும் அவெஞ்சர்ஸின் பூமிக்கு ஏற்றி அனுப்பத்தானா? அப்படியென்றால், அத்தனை பாடுபட்டுக் கட்டிய 1960களின் நியூயோர்க் வெறும் கொழுத்திவிடும் செற்றாகிவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, ஊர் அழிந்து சனம் கப்பலேறுகிற முடிவை வெறும் திருப்பமாக என்னால் ரசிக்க முடியுமா தெரியவில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. இரண்டாவது முன்னோட்டமும் வந்துவிட்டது. வெள்ளி உடம்போடு அலைப்பலகையில் வருகிற கலக்டஸின் தூதுவர் இம்முறை ஒரு பெண். ஜூலியா கார்னர் நடிக்கிறார். அதற்குள் யூரியூப்பில், ஆணைப் பெண்ணாக்கிவிட்டார்கள் என்று ஒப்பாரி தொடங்கிவிட்டது. அவர் ஏற்கும் பாத்திரமான ஷல்லா-பாலின் பெயர் 1968ஆம் ஆண்டுச் சித்திரக்கதையிலேயே இருக்கிறது. இவர்கள் நேற்று இட்டுக்கட்டவில்லை. 1966இல் கலக்டஸ் கதையை வரைந்தபோது ஜாக் கிர்பி, கதாசிரியரான ஸ்டான் லீயிடம் கேளாமலே அந்த அலைப்பலகைக்காரனைப் பக்கங்களில் நுழைத்துவிட்டார் என்பார்கள். இவ்வளவு பெரியவன் வருவதென்றால் முன்னே ஓர் ஆள் வரவேண்டாமா என்பது அவர் நியாயம். இப்படிப் பிறந்த பாத்திரத்துக்கு இன்றைக்கு இத்தனை காவல்காரர்.

எனக்குப் பிடித்தது வேறு. பெட்ரோ பஸ்கால் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும்போது வீரனாகத் தெரியவில்லை, நித்திரை கொள்ளாத கணித வாத்தியாராகத் தெரிகிறார். ரீட் அப்படித்தான் இருக்கவேண்டும்.

மே 23, வெள்ளி

அவெஞ்சர்ஸ் 2026 டிசம்பர் 18க்குப் போய்விட்டது. நல்லது. ஆறப் போடட்டும்.

ஜூன் 14, சனி

கனடாவிலிருந்து ஒரு குடும்பம், அந்தியேட்டிக் கல்வெட்டில் (இறந்தவர் நினைவு மலர்) போடுவதற்கு என்று தகப்பனாரின் பழைய படமொன்றை அனுப்பியிருந்தது. 1961, யாழ்ப்பாணக் கச்சேரி (அரச அலுவலகம்) வாசல், தமிழுக்கு உரிமை கேட்ட தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம். வெள்ளை வேட்டிகள் வெயிலில் வெளிறிப்போய் ஒரே வெண்திட்டாகக் கிடக்கின்றன. முன்வரிசையில் பெண்கள். ஒருவர் குடையை விரிக்காமல் மடியில் குறுக்கே வைத்திருக்கிறார். மூலையில் யாரோ நகர்ந்ததில் ஒரு முகம் இரண்டாகப் பதிந்திருக்கிறது. “கலராக்கித் தாருங்கள், புதிது போல இருக்கவேண்டும்” என்பது குடும்பத்தாரின் விருப்பம். நான் நாள் முழுதும் பழையதைப் புதிதாக்குகிறேன். அங்கே பெருங்காசு செலவழித்துப் புதியதைப் பழையதாக்குகிறார்கள்.

மெய்ப்புப் பார்க்க வந்த மாஸ்டர் படத்தை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, திகதிகளை அடுக்கத் தொடங்கினார். ஏப்ரல் 12 ரஷ்யரான ககாரின் விண்ணுக்குப் போனது. 14ஆம் திகதி தமிழரசுக் கட்சி சொந்தமாகத் தபால் சேவை தொடங்கி முத்திரை வெளியிட்டது. 17 அவசரகாலச் சட்டம், தலைவர்கள் கைது. எல்லாம் ஒரு கிழமைக்குள். “டிசம்பரில் அந்த ககாரின் இலங்கைக்கே வந்தார், தெரியுமோ?” என்றார். தெரியாது என்றேன்.

நால்வரின் முதல் சித்திரக்கதை கடைக்கு வந்ததும் அதே ஆண்டு ஓகஸ்டில்தான். அதில் அவர்கள் அவசரப்பட்டு விண்வெளிக்குப் போகும் காரணமே கம்யூனிஸ்டுகள் முந்திவிடுவார்கள் என்ற பதற்றம். அந்தப் பதற்றம்தான் அவர்களைக் கல்லாகவும் நெருப்பாகவும் ஆக்கியது. புதிய படத்தின் பூமியில் அந்தப் போட்டியே இல்லையென்றால் அவர்கள் ஏன் அவசரப்பட்டார்கள்? முதல் முன்னோட்டத்தை வெளியிட்டது அலபாமாவில் உள்ள விண்வெளி அருங்காட்சியகத்தில். அதே அலபாமாவில்தான் 1961 மே மாதம், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து பயணம் செய்தார்கள் என்பதற்காக ஒரு பஸ்ஸைக் கொளுத்தினார்கள். முன்னோட்டத்தில் தெருவெங்கும் சிரித்த முகங்கள். யாரும் யாரோடும் கோபமில்லை. உடுப்பு, கார், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாம் அந்தக் காலம். கவலை மட்டும் எந்தக் காலத்துக்கும் சொந்தமில்லாதது. என்னுடைய பெரிய சந்தேகம் இதுதான்.

மாஸ்டரிடம் சொன்னேன். “நீர் கேட்கிறது சரி. ஆனால் அமெரிக்கன் தன் 1961ஐத் திருத்தி எழுதுகிறான் என்று கோபிக்கிறீர். எங்களுடைய 1961ஐ நாங்கள் இன்னும் ஒரு படமாகக்கூட எடுக்கவில்லையே” என்றார். பிறகு மெய்ப்பில் இரண்டு எழுத்துப்பிழை காட்டினார்.

கலர் போடவேண்டாம் என்று குடும்பத்தாரிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. குடைக்கு மட்டும் கறுப்பையே விட்டேன்.

ஜூலை 12, சனி

‘சுப்பர்மேன்’ நேற்று வெளியாகிவிட்டது. இரண்டு கிழமையில் எங்கள் ஆட்கள். இடையில் வந்த கடைசி முன்னோட்டத்தில், நால்வரில் ஒருத்தியான ரீட்டின் மனைவி சூ கர்ப்பிணி என்பது வெளிப்படை. கலக்டஸின் கண் பிள்ளைமேல்தான் என்று எல்லாரும் ஊகிக்கிறார்கள். கோளைத் தின்ன வருகிறவனிடம் ஒரு தாய் என்ன பேசுவாள்? சூவாக நடிக்கும் வனெஸ்ஸா கேர்பி அந்த இடத்தைத் தூக்கி நிறுத்தினால், மற்றக் குறை எதையும் பொறுத்துக்கொள்வேன்.

இயக்குநர் மற் ஷக்மன்மீதும் எனக்கு நம்பிக்கை உண்டு. ‘வண்டாவிஷன்’ தொடரின் முதல் அங்கத்தைக் கறுப்பு வெள்ளையில், பார்வையாளரை எதிரே இருத்தி, பழைய முறையிலேயே எடுத்தவர். அங்கே அந்தச் சிரிப்புச் சத்தமே பயத்தையும் கொண்டுவந்தது. பழங்காலத்தைச் சுவர்க்கடதாசியாக ஒட்டாமல் கதையாக்கத் தெரிந்த ஆள். மைக்கல் ஜக்கினோ இசை என்பதும் பலமே. ஆனால் 2004இல் ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ படத்துக்கு அதே 60களின் சாயலில் இசையமைத்தவரும் அவர்தான் என்பதால், அந்தப் படத்தின் அதிசய சக்திக் குடும்பம் நினைவுக்கு வந்து தொலைக்குமோ என்ற கவலையும் கூடவே இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

உள்ளூர்த் திரையரங்கில் விசாரித்தேன். இரண்டு தமிழ்ப் படங்களுக்கு இடம் கொடுத்த பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். இரண்டாம் கிழமைக்குத் தள்ளினால் 29ஆம் திகதி நல்லூர்க் கொடியேறிவிடும். பிறகு அக்கா மருமகனைப் பின்னேரக் காட்சிக்கு விடமாட்டார், திருவிழா முடியட்டும் என்பார். கொழும்புக்கு இரவு ரயிலில் போய் வரலாம் என்றேன். “படம் பார்க்கக் கொழும்புக்கோ?” என்று அக்கா கேட்ட தொனியில் அந்தப் பேச்சு முடிந்தது.

லண்டனில் இருக்கும் மச்சானுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அவன் எங்களுக்கு முன்னரே பார்த்துவிடுவான். கதையைச் சொல்லக் கூடாது. இரண்டு கேள்விக்கு மட்டும் ஆம், இல்லை என்று பதில் போதும்: கலக்டஸுக்குக் கால் நிலத்தில் படுகிறதா? அந்தத் தெருவில் ஒருவராவது கோபமாக இருக்கிறாரா?

“மூன்றாவதாக, ரீட் நீளுகிறாரா என்றும் கேளுங்கள் மாமா” என்றான் மருமகன். அதையும் சேர்த்து அனுப்பினேன்.