தம்பியின் கார்டியன் சான்றும் சென்னையின் தொண்டு நிறுவனங்களும்

அறிவுத்திறன் குறைபாடு உள்ள ஒருவருக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டால், பெற்ற அம்மாகூடச் சட்டப்படி தானாகவே அவருக்குப் பாதுகாவலர் ஆகிவிட முடியாது. வங்கி, ஓய்வூதியம், சொத்து என்று வரும்போது சான்று கேட்பார்கள். என் தம்பிக்கு 39 வயது. அம்மாவுக்கு 74. அப்பா மத்திய அரசு ஊழியராக இருந்தவர். அவருடைய குடும்ப ஓய்வூதியம் இப்போது அம்மாவுக்கு வருகிறது. அம்மாவுக்குப் பிறகு அது தம்பிக்கு, அவன் ஆயுள் முழுக்க வரவேண்டும். இதை விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில் “கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க” என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட்டுக்குப் போகத் தேவையில்லை, கலெக்டர் தலைமையிலான குழு கொடுக்கும் சான்றே போதும் என்று பெரம்பூர்ப் பக்கத்தில் சிறப்புப் பள்ளி நடத்தும் ஓர் அம்மாதான் சொன்னார். அங்கே தம்பியைச் சேர்க்க வழியில்லை, அவர்கள் எடுத்துக்கொள்வது சிறு பிள்ளைகளை மட்டும். ஆனாலும் உட்காரவைத்து, யாரைப் பார்க்க வேண்டும், என்ன எடுத்துப்போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளிலிருந்துதான் இந்த ஊரின் தொண்டு நிறுவனங்களுக்குள் நான் நுழைந்தேன்.

சென்னையில் நிறுவனங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வயதுக்கு, ஒரு குறைபாட்டுக்கு, ஒரு வேலைக்கு என்றுதான் இருக்கிறது. தி.நகரில் 1989-ல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையம் பிறந்ததிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சிக்குப் பேர்போனது. அடையாறு பாலவித்யாலயா 1969-லிருந்து, காது கேளாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பேச்சு கற்றுக்கொடுக்கிறது. எபிலிட்டி ஃபவுண்டேஷன் 1995-ல் ஆரம்பித்தது, வேலைவாய்ப்புப் பக்கம் வலுவானது. மனச்சிதைவு நோய்க்கு டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் இருக்கிறது. தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-ல் தொடங்கிய தி பேனியன் இருக்கிறது. அறிவுத்திறன் குறைபாட்டுக்கு என்று பார்த்தால், கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பின் மேரி கிளப்வாலா ஜாதவ் காலத்தில் உருவான கீழ்ப்பாக்கம் பால விஹார் மிகப் பழையது. பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் பெண்கள் தொடங்கியவை. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நாற்பதை நெருங்கும் ஒருவருக்கு இந்தப் பட்டியலில் எத்தனை கதவு திறக்கும் என்று பார்த்தால்தான் நிலைமை புரியும். ஆறு வயதுக்குள் எத்தனையோ இடங்கள். பள்ளி வயதில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. பதினெட்டுக்கு மேல் சில பகல்நேர மையங்கள். நாற்பது, ஐம்பது வயதில் தங்கிப் பராமரிக்கும் நம்பகமான இடம் என்றால் விரல்விட்டு எண்ண வேண்டும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், நிறுவனங்கள் அவர்களோடு சேர்ந்து வளரவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

சரி, சான்று விஷயத்துக்கு வருகிறேன். கலெக்டர் குழு சான்று கொடுப்பது 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி. அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் பொருந்தும். மனநோய் இதில் வராது. கலெக்டர் ஆபீஸ் வராந்தாவில் ஒரு பெரியவர் மனச்சிதைவு உள்ள மகனுக்காக இதே விண்ணப்பத்தோடு காத்திருந்தார். அவருக்குப் பொருந்துவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், அதில் நியமனப் பிரதிநிதி என்ற வேறு ஏற்பாடு இருக்கிறது என்று உள்ளே போன பிறகுதான் சொல்லியிருக்கிறார்கள். அந்த வயதில் அவரை அப்படி உட்காரவைத்திருக்க வேண்டாம்.

முதலில் மருத்துவச் சான்று. தம்பியிடம் இருந்தது பழைய அட்டை. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் மறுபடி மதிப்பீடு செய்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.-க்குப் பதிந்தோம். அங்கே உளவியலாளர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு அவன் பதில் சொல்லவில்லை. “பஸ் நம்பர் ஏதாவது தெரியுமா?” என்று அவர் சும்மா கேட்க, 29சி-யில் தொடங்கி வரிசையாக ஒப்பித்தான். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கோட்டூர்புரம் வித்யாசாகருக்குப் போனோம். பெரம்பூரில் 29சி ஏறி, அவனுக்கு ஜன்னல் சீட் கொடுத்து, அடையாறில் இறங்கி ஆட்டோ. மூளை முடக்குவாதம் உள்ள மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கிய இடம் அது. பின்னாளில் அவரே, அந்த 1999 சட்டத்தின்படி அமைந்த மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். சட்ட உரிமைகளுக்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன்.

இந்தத் துறையில் இருப்பவர்களுக்குள்ளேயே கார்டியன் சான்று பற்றிப் பெரிய கருத்து வேறுபாடு இருப்பதை இந்த அலைச்சலில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தரப்பு, “சீக்கிரம் வாங்கிடுங்க, அம்மா இருக்கும்போதே வாங்கிடுங்க” என்கிறது. இன்னொரு தரப்பு, “எதற்கு வாங்குகிறீர்கள் என்று முதலில் யோசியுங்கள். வயது வந்த ஒருவரின் முடிவெடுக்கும் உரிமையை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கிறீர்கள்” என்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2007-ல் இந்தியா ஏற்ற ஐ.நா. உடன்படிக்கையும், அவர்களே முடிவெடுக்க உதவுவதைத்தான் முன்வைக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை வந்தது. இரண்டாவது தரப்பு பேசியது என்னைத் தூங்கவிடவில்லை. தம்பி என்ன சாப்பிட வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதை அவனே சொல்கிறான். அதில் கைவைக்க எனக்கு எந்தச் சான்றும் வேண்டாம். ஓய்வூதியத்துக்கும் வங்கிக்கும்தான் வேண்டும் என்று அம்மாவும் நானும் பேசித் தெளிந்த பிறகே விண்ணப்பித்தோம்.

சான்றுக்கான விண்ணப்பப் படிவம் ஃபார்ம் ஏ. அதில் விண்ணப்பிப்பவர் அம்மா, பாதுகாவலராக என் பெயர். பெற்றவர் தனக்கு நம்பிக்கையான எவரையும் முன்மொழியலாம் என்று சட்டமே சொல்கிறது. தங்கை பெங்களூரில் இருக்கிறாள், அவளுடைய சம்மதக் கடிதத்தையும் சேர்த்தோம். கூடப் பிறந்தவர்கள் எல்லோரிடமும் இதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவைப்பது நல்லது. பாசமுள்ள குடும்பத்திலும் பின்னால் கேள்வி வரும்.

கலெக்டர் ஆபீஸ் இருக்கும் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் குழு கூடியது. மூன்று பேர் கொண்ட குழு: கலெக்டர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். இந்த அமைப்பு சட்டத்திலேயே இருக்கிறது. அன்று சக்கர நாற்காலியில் இருந்த உறுப்பினர், என்னையும் அம்மாவையும் விட்டுவிட்டு நேராகத் தம்பியிடம் பேசினார். வீட்டில் யார் யார், காலையில் என்ன செய்வாய், அக்காவோடு இருக்கப் பிடிக்குமா என்று கேட்டார். “அக்கா திட்டும்” என்றான். அப்புறம், “அக்கா பஸ்ல கூட்டிட்டுப் போகும்” என்றான். அதுவரை எந்தக் கவுண்ட்டரிலும் யாரும் அவனைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சான்று வந்தது. அதோடு கடமையும் வந்தது: ஆறு மாதத்துக்குள் அவன் பெயரில் உள்ள சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். பாதுகாவலர் பணத்தைக் கையாடினால் நீக்கவும் வழி உண்டு. இதைப் பலர் சொல்வதில்லை, ஆகவே சொல்லிவைக்கிறேன்.

இதே ஓட்டத்தில் தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டிலும் தம்பியைச் சேர்த்தோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, வயது வரம்பு கிடையாது, முன்கூட்டிய மருத்துவப் பரிசோதனை கிடையாது. தேசிய அறக்கட்டளையில் பதிவுபெற்ற நிறுவனம் வழியாகச் சேரலாம்.

இவ்வளவு இடம் ஏறி இறங்கியதில் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்திருக்கிறது. போனில் முதலில் “நீங்கள் எதைச் செய்வதில்லை?” என்று கேட்கிறேன். நல்ல இடத்தில் உடனே பதில் வரும்: “இருபத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை, ஆனால் இன்னாரைக் கேளுங்கள்.” எல்லாம் செய்கிறோம் என்பவர்களிடம்தான் எச்சரிக்கை வேண்டும். புறநகரில் ஒரு விடுதியில் பெரிய தொகையை முன்பணமாகக் கேட்டு, முதல் சில மாதம் பார்க்க வரக்கூடாது என்றார்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொன்னேன், பேச்சை மாற்றினார்கள். 2016 சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு நிறுவனம் நடத்தக்கூடாது. கட்டடமும் தோட்டமும் அழகாக இருந்தாலும் அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் யாரும் பிள்ளையை விடாதீர்கள்.

இப்போது தம்பி ஒரு பகல்நேர மையத்துக்குப் போகிறான், காகிதப் பை ஒட்டுகிறான். அங்கே வரும் பெற்றோர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். நாங்கள் தேடுவது குறுகியகாலத் தங்கல்: வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சை என்றால் பத்து நாள் நம்பி விடக்கூடிய இடம், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, வட சென்னையில். அப்படி ஒன்றை நடத்துபவர்கள் அல்லது நேரில் பார்த்து உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.