பக்கம் மடியும் கோடு

கிராபிக் டிசைன் படிப்பின் கடைசி ஆண்டு புராஜெக்டாக நான் செய்தது ஒரு சிறுவர் படப் புத்தகம். ஏ5 அளவு, 16 பக்கம், இரண்டே நிறம், நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த கட்டு. பொருள், தேனீயின் நடனம். மதிப்பெண் வாங்கி, கண்காட்சியில் வைத்து, எல்லாம் முடிந்து மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அதன் நடுப்பக்கங்கள் இரண்டும் எனக்கு இன்னும் பழகிப்போகவில்லை. ஓவியமும் வடிவமைப்பும் ஒரே வேலையாகக் கூடிவந்த இடம் அது. அதைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

நடனம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பூக்கள் நிறைந்த இடத்தைக் கண்டுவந்த தேனீ, கூட்டுக்குள் தேனடையின் மீது ஓடிக் காட்டுகிறது. வயிற்றை இருபுறமும் ஆட்டியபடி ஒரு நேர்கோட்டு ஓட்டம். பிறகு வலப்பக்கம் அரைவட்டமாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. மீண்டும் அதே நேர்கோடு, இம்முறை இடப்பக்கம் சுற்றல். கூடு இருட்டாக இருப்பதால் மற்றத் தேனீக்கள் பின்னாலேயே ஓடி, உணர்கொம்புகளால் தொட்டுத்தான் இதைப் புரிந்துகொள்கின்றன. அடை செங்குத்தாகத் தொங்குகிறது அல்லவா, அதில் நேர் மேலே ஓடினால் ‘சூரியன் இருக்கும் திசையில் போ’ என்று பொருள். செங்குத்திலிருந்து 40 டிகிரி வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் பூக்களும் சூரியத் திசைக்கு 40 டிகிரி வலப்பக்கத்தில் இருக்கின்றன. ஓட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு தூரம். தோராயமாக ஒரு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். இந்த மொழியைப் படித்துச் சொன்ன ஆஸ்திரிய விலங்கியலாளர் கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசை இன்னும் இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இதைப் பாடப்புத்தகங்கள் வழக்கமாக இரண்டு படங்களாகப் போடும். இடப்பக்கம் வயல்வெளியை மேலிருந்து பார்க்கும் படம்: கூடு, சூரியன், பூ, நடுவில் கோணம். வலப்பக்கம் அடையை எதிரிலிருந்து பார்க்கும் படம்: 8 வடிவம், அம்புக்குறி, அதே கோணம். படம் சரிதான். ஆனால் தரையில் இருக்கும் ‘சூரியன் பக்கம்’ என்பது சுவரில் ‘மேலே’ என்று மாறுகிறதே, அந்தத் தாவலைக் குழந்தை தன் மனத்துக்குள் தானாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. தேனீயின் அறிவில் எனக்கு மிக அழகாகத் தோன்றுவதே அந்தத் தாவல்தான். அதை இரண்டு படங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடத்தில் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

விடை கையில் இருந்த புத்தகத்திலேயே கிடைத்தது. ஒரு பக்கத்துக்கும் மேல் விளிம்பு என்று ஒன்று உண்டு. எல்லாப் பக்கங்களிலும் மேலே ஒரே அகலத்தில் ஒரு மஞ்சள் பட்டையை வைத்தேன். வெளியுலகம் வரும் பக்கங்களில் அந்தப் பட்டை சூரியன் இருக்கும் வானம். கூட்டுக்குள் நுழைந்ததும் அதே பட்டையிலிருந்து அடை தொங்கும். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், நான்கைந்து பக்கம் புரட்டுவதற்குள் ‘மேலே என்றால் சூரியன்’ என்று கண் கற்றுக்கொள்கிறது. முன்மாதிரியாகச் செய்த டம்மியைச் சில குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் பாதிப்பேர் புத்தகத்தைத் தரையில் விரித்துப்போட்டுத்தான் படித்தார்கள். தரையில் கிடக்கும் பக்கத்துக்கு மேல் ஏது, கீழ் ஏது? அதற்காகவே ஓரங்களில் தேனீச் சங்கிலிகளை வரைந்தேன். அடை கட்டும் நேரத்தில் தேனீக்கள் ஒன்றன் காலை ஒன்று பற்றிக்கொண்டு சரம்போலத் தொங்கும். அந்தச் சரம் பட்டையிலிருந்து கீழ்நோக்கி விழுந்ததும், தரையில் கிடந்த பக்கமும் சுவராகிவிட்டது.

நடுப்பக்கத்துக்கு வருகிறேன். பின் அடித்துக் கட்டும் புத்தகத்தில் ஒரு தாள் நான்கு பக்கமாகிறது. 16 பக்கப் புத்தகத்தில் 8ஆம் பக்கமும் 9ஆம் பக்கமும் மட்டும்தான் உள்ளே ஒரே தாளாகச் சேர்ந்து விரியும் (பின் அட்டையும் முன் அட்டையும் வெளிப்புறத்தில் அப்படிச் சேரும், அது வேறு கணக்கு). மற்ற இடங்களில் இரு பக்கமும் பரவும் படத்தைப் போட்டால் இரண்டு வெவ்வேறு தாள்கள் ஒட்டி நிற்க வேண்டும். கோடு ஒரு மில்லிமீட்டர் ஏறியிறங்கினாலும் தெரிந்துவிடும். ஆகவே நடனத்தை நடுவில்தான் வைக்க முடியும் என்று முதலிலேயே தீர்மானித்து, கதையை முன்னும் பின்னும் தள்ளி அமைத்தேன்.

அப்படி வைத்தபோது தாளின் மடிப்பு படத்தின் குறுக்கே வந்து நின்றது. மடிப்பிலிருந்து விலகியே வரைய வேண்டும் என்றுதான் வகுப்பில் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஆனால் அந்த மடிப்பு எப்படி நிற்கிறது? மேலிருந்து கீழாக, கட்டடம் கட்டுபவர் தூக்குக்குண்டு நூலைப் பிடித்துப் பார்ப்பதுபோல, நேர்செங்குத்தாக நிற்கிறது. எனக்கு வேண்டியிருந்ததும் அந்தக் கோடுதான். கோணத்தை எதிலிருந்து அளப்பது என்று காட்டப் புள்ளிக்கோடு, குறியீடு, விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. தேனீ மடிப்பின்மேல் கால்வைத்துப் புறப்படுகிறது. 40 டிகிரி சாய்ந்து 9ஆம் பக்கத்துக்குள் ஏறுகிறது. ஒரு சுற்று அந்தப் பக்கமே வளைந்து மடிப்புக்குத் திரும்புகிறது, மறு சுற்று 8ஆம் பக்கத்தின் வழியாக வருகிறது. புத்தகத்தைக் கொஞ்சம் மூடித் திறந்தால் கோணமே அசைவதுபோல இருக்கும். இதைக் கண்டபிறகு அன்று இரவு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.

ஓட்டத்தின் நீளத்தைக் காட்டுவதில் வேறொரு சிக்கல். காலத்தைத் தாளில் எப்படி வரைவது? தேனீ வயிற்றை வினாடிக்கு ஏறத்தாழ 13 முதல் 15 முறை ஆட்டுகிறது. நான் 13ஐ எடுத்துக்கொண்டு, ஓட்டத்தின் கோட்டில் ஒரு வினாடிக்கு 13 சிற்றலைகள் என்று வரைந்தேன். அருகிலுள்ள பூவுக்குச் சில அலைகள், தொலைவிலுள்ள தோட்டத்துக்கு நீண்ட வரிசை. குழந்தைகள் விரல் வைத்து எண்ணினார்கள். எண்ணும்படி அமைந்த படம் நெடுநேரம் பார்க்கப்படுகிறது என்பதை அப்போதுதான் கண்ணெதிரே கண்டேன்.

ஆட்டத்தை வரைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். ரிசோகிராஃப் என்ற ஸ்டென்சில் அச்சு இயந்திரத்தில் மஞ்சளும் கருநீலமுமாக அச்சிட்டோம். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி டிரம், அதாவது மை உருளை. தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை உள்ளே போய்வர வேண்டும். இரண்டு நிறமும் மயிரிழைகூடப் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் என்று நம்ப முடியாது, சற்று விலகியே தீரும். அந்த விலகலையே படத்துக்குள் சேர்த்துக்கொண்டேன். நீல நிறத்தில் தேனீயின் உடல் ஒரே நிலையில், கூர்மையான கோடுகளில். மஞ்சளில் வயிறு மட்டும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டும் சேர்ந்து அச்சாகும்போது நீலக் கோடுகளுக்கு வெளியே மஞ்சள் இருபுறமும் பிதுங்கி நிற்கிறது; வயிறு அதிர்கிறது. பிரதிக்குப் பிரதி அதிர்வு கொஞ்சம் வேறுபடும். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

தேனீக்குக் கண்ணிமை, புன்னகை, கன்னத்தில் சிவப்பு எதுவும் வைக்கவில்லை. ‘குழந்தைகளுக்கான புத்தகம்தானே, ஒரு முகம் வைக்கக் கூடாதா?’ என்று பலர் கேட்டார்கள். லென்ஸ் வழியே உண்மையான தேனீயைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அதன் கூட்டுக்கண்களின் மேலேயே நுண்ணிய மயிர் முளைத்திருக்கிறது! உச்சந்தலையில் மூன்று சிறு கண்கள் வேறு. ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்தே கிளம்புகின்றன. வயிற்றில் கால் ஒட்டிய தேனீப் படங்களை எங்கே பார்த்தாலும் இப்போது எனக்கு வலிக்கிறது. ஆனால் கூட்டத்தில் நம் தேனீ எது என்று வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு ஃபான் ஃபிரிஷ்தான் வழி காட்டினார். தேனீக்களை அடையாளம் காண அவர் முதுகில் வண்ணப் புள்ளிகள் வைத்தார். என் தேனீக்கும் முதுகில் ஒரு நீலப் புள்ளி. பதினாறு பக்கமும் அந்தப் புள்ளியைத் தேடிக்கொண்டே போகலாம்.

எழுத்துக்கும் ஓவியத்துக்குக் கொடுத்த நேரம் தேவைப்பட்டது. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேலே ‘கீ’ சுழிக்கும், கீழே ‘மூ’ இறங்கும், இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் வந்தால் முட்டிக்கொள்ளும். இடைவெளியைக் கூட்டினேன். இரு ஓரமும் சமமாக நிறுத்தும் வழக்கத்தையும் கைவிட்டேன். நம் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் அவற்றை இழுத்து நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக விழும். வலது ஓரம் தன்போக்கில் ஏறியிறங்கட்டும் என்று விட்டதும் பக்கம் மூச்சுவிட்டது.

மதிப்பீட்டின்போது குழுவில் ஒருவர், “இதில் எது உங்கள் ஓவியம், எது உங்கள் வடிவமைப்பு? தனித்தனியாகச் சொல்லுங்கள்” என்றார். நடுப்பக்கத்தை விரித்துக் காட்டி, “பிரித்துச் சொல்ல இயலவில்லை, சார்” என்றேன். அவர் புத்தகத்தை வாங்கி, மடிப்பை விரலால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.

புத்தகத்தில் சேராமல் நின்றுபோனவையும் உண்டு. தேனீக்குச் சிவப்பு தெரியாது, நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா தெரியும். அது தனிப் புத்தகத்துக்கு உரிய பொருள். குள்ளத் தேனீக்கள் திறந்தவெளியில் அடையின் மேல்தளத்தில் ஆடி, பூ இருக்கும் திசையை நேராகவே காட்டுகின்றன. அதைச் சேர்த்தால் என் மஞ்சள் பட்டையின் தர்க்கம் குலைந்துவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் விட மனமில்லை. சூரியன் நகர நகர, அதே பூவுக்கான நடனத்தின் கோணமும் மாறிக்கொண்டே போகிறது. சராசரியாக மணிக்கு 15 டிகிரி. ஆனால் காலையில் மெதுவாகவும் நண்பகலில் வேகமாகவும் திசை மாறும். இதற்குச் சுழலும் தாள்வட்டம்தான் சரி. 1540இல் வெளிவந்த பீட்டர் அப்பியானின் வானியல் நூலில் கோள்களின் நிலையைக் கணக்கிட இத்தகைய வட்டங்களை அடுக்கடுக்காகக் கோத்திருக்கிறார்கள். மணிகளைச் சம இடைவெளியில் குறித்தால் என் வட்டம் பொய் சொல்லும். நண்பகலை ஒட்டிய கட்டங்களை அகலமாக்க வேண்டும். உள்தாள் வட்டத்தின் எடையைத் தாங்காது, பின்னட்டையின் உட்புறம் தாங்கும். அட்டையை 300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மாற்றி, நடுவில் ஒரு வளையம் அடித்து, அடுத்த பதிப்புக்கான டம்மியை வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.