அக்காவுக்கு என்ன வேண்டும்?

வானொலிக்கு வரும் நாடகப் பிரதிகளைப் படித்துத் திருத்துவது என் வேலை. பாதிக்கு மேற்பட்ட பிரதிகளில் எல்லோரும் நல்லவர்கள். அண்ணன் விட்டுக்கொடுக்கிறார், தம்பி கண்கலங்குகிறார், மருமகள் காபி கொண்டுவருகிறாள். வாசிக்க இதமாகத்தான் இருக்கும். ஒத்திகையில் உட்கார்ந்தால், நல்ல நடிகர்களின் குரல்கூடச் சோர்ந்துவிடும். வானொலியில் முகம் கிடையாது, விளக்கு கிடையாது. ஒருவர் கேட்பதை மற்றவர் மறுத்தால்தான் குரலுக்கு உயிர் வரும்.

பாகப்பிரிவினையைப் பற்றி ஓர் இளைஞர் எழுதியிருந்தார். கதை 1990-களில் நடக்கிறது. அப்பா காலமானபின் பூர்வீக வீட்டை விற்கிறார்கள். அக்கா மனமுவந்து சம்மதிக்கிறாள்.

“அக்காவுக்கு என்னதான் வேண்டும், தம்பி?”

“ஒன்றும் வேண்டாம் சார். அவர் தெய்வம் மாதிரி.”

1989-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்திருத்தத்தை எடுத்துச் சொன்னேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பங்கு உண்டு என்றது அது. அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமாகிப் போனவளுக்கு மட்டும் அப்போது அந்தப் பங்கு கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் அக்காவுக்குக் கிடைக்காத அந்தப் பங்கு தங்கைக்கு வருகிறது. நாடகம் அங்கேதான் இருக்கிறது என்றேன்.

அவர் திருத்தி எழுதி வந்தார். அக்கா பாதி கேட்கிறாள். தங்கை மறுக்கிறாள்: அப்பாவின் கையில் இருந்ததெல்லாம் அக்கா கல்யாணத்திலேயே கரைந்துபோயிற்று, தனக்குப் போட ஒரு குண்டுமணித் தங்கம் மிஞ்சவில்லை. இருவர் பக்கமும் நியாயம். போதாததற்கு, அம்மா இறந்த அன்று இரட்டைவடச் சங்கிலியை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டவள் அக்கா. தகர டப்பா திறக்கும் ஓசை, பிறகு “நான் எடுக்கவில்லை” என்று தேவைக்கு மேல் உரத்து ஒலிக்கும் குரல். ஒத்திகையில் அந்த ஒரு வரிக்கு எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“கேட்பவர்கள் அக்காவை வெறுத்துவிடுவார்களே” என்று அவருக்குக் கவலை. கர்ண மோட்சம் கூத்தைப் பார்க்கச் சொன்னேன். போருக்குப் போகுமுன் விடைபெற வந்த கர்ணனை, பிறப்பு தெரியாதவன் என்று அவன் மனைவி பொன்னுருவி இகழ்கிறாள். அவன் குந்தியின் மகன் என்பது அவனுக்கும் தெரியும், பார்க்கும் சனங்களுக்கும் தெரியும். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் அந்தச் சனங்கள் அவளை வெறுத்துவிட்டு எழுந்து போவதில்லை, அவளுக்காகவும் அழுகிறார்கள்.

கடைசிக் காட்சியில் அக்கா சங்கிலியைத் திருப்பித் தருவதாக எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. தங்கை கேட்கட்டும், அக்கா முடியாது என்று சொல்லட்டும். சட்டம் தராத பங்கை அவள் அந்தச் சங்கிலியில்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.