நீலப் பக்கம்

நம் பள்ளிக்கூட மலருக்குக் கட்டுரை வேணுமென்று வாட்ஸ்அப்பில் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். தலைமையாசிரியரைப் பற்றியும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பற்றியும் நீங்களெல்லாம் எழுதிவிடுவீர்கள். துபாயில் ஒரு டிராயிங் ஆபீசில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு ரப்பர்தான் ஞாபகம் வருகிறது.

ஒன்றாவது, இரண்டாவதில் நமக்கு ரப்பரே கிடையாது. சிலேட்டு, பல்பம், தடப்பள்ளி வாய்க்கால் பக்கம் வேலியில் படர்ந்த கோவைக்கொடி, அவ்வளவுதான். இலையைக் கசக்கி ஒரு தேய் தேய்த்தால் சிலேட்டு கன்னங்கரேலென்று ஆகிவிடும். பல்பப் பொடி கல்லுக்குள் இறங்குவதில்லை, மேலே சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஈரம் பட்டால் வந்துவிடும். எச்சிலும் அதே வேலையைச் செய்யும், ஆனால் டீச்சர் பார்த்தால் முட்டியில் விழும்.

மூன்றாவதில் பென்சில் வந்தது. ரப்பர் கேட்டால் எங்கள் அப்பாரு, "எதுக்குங்கண்ணு அழிக்கோணும், சரியா எழுதுனாத் தீந்துது" என்று சொல்லிவிட்டார். சரியென்று சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிவந்து தேய்த்தேன். எழுத்து போகவில்லை, தாள் முழுக்கக் கருப்பாக இழுவிக்கொண்டது. பென்சில் சீவலைப் பாலில் போட்டுக் காய்ச்சினால் ரப்பராகும் என்று ஒரு புரளி உண்டே, அதையும் விடவில்லை. பால் பாழாய்ப் போனதும் ஆத்தா விளக்குமாறு எடுத்ததும்தான் மிச்சம்.

டியூப் ஏன் அழிக்கவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பென்சில் கரியும் பல்பப் பொடி மாதிரிதான், தாளின் நாரில் மேலாகத் தொற்றிக்கொண்டிருக்கும். ரப்பரால் தேய்க்கும்போது அந்தக் கரி தாளை விட்டு ரப்பரில் ஒட்டிக்கொள்கிறது, ஆனால் ஒட்டினால் மட்டும் போதாது, கரியைச் சுருட்டிக்கொண்டு ரப்பர் துணுக்குத் துணுக்காக உதிர வேண்டும், அப்போதுதான் அடியில் சுத்தமான பரப்பு வரும். உதிராவிட்டால் எடுத்த கரியையே திரும்பவும் தாளில் பூசும். அதனால்தான் அழிரப்பர் செய்கிறவர்கள், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய தாவர எண்ணெயை அதில் கலக்கிறார்கள், அந்தக் கலவை லேசில் உதிரும். டியூபை உதிராமல் உழைக்கவென்றே செய்கிறார்கள். பழைய ரப்பர் காய்ந்து இறுகிப்போனால் இழுவுவதும் இதனால்தான்.

இங்கிலாந்தில் ரொம்ப நாள் ரொட்டித் துண்டை வைத்துத்தான் அழித்திருக்கிறார்கள். 1770-ல் லண்டனில் எட்வர்ட் நேர்ன் என்பவர் அரை அங்குல ரப்பர் கட்டியை மூன்று ஷில்லிங்குக்கு விற்றாராம், விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு. எங்கள் அப்பாரு கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஆறாவதில் பாரியூர் தேர்க்கடையில் எனக்கென்று ஒரு ரப்பர் கிடைத்தது, பாதி சிவப்பு, பாதி நீலம். சிவப்பு பென்சிலுக்கு, நீலம் பேனாவுக்கு. பேனா மையையே அழிக்கும் என்றால் அந்த வயதில் அது மந்திரம்தானே. அந்த மந்திரத்தை நான் ரேங்க் கார்டில் சோதித்தேன். கணக்கில் 28. இரண்டை மூன்றாக்கினால் 38, பாஸ். நீலப் பக்கத்தில் அரைத்த எரிமலைக் கல் மாதிரி ஏதாவது சொரசொரப்பான பொடி கலந்திருக்கும், அது மையை எடுப்பதில்லை, மை ஊறிய தாளையே சுரண்டி எடுக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? தேய்க்கத் தேய்க்க அட்டை பஞ்சு பஞ்சாகக் கிளம்பியது. அதன்மேல் மூன்று போட்டேன். மேல்பூச்சு போன தாள் இல்லையா, மை வேர்விட்ட மாதிரி நாலா பக்கமும் ஓடிவிட்டது.

சார் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி கார்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மூன்றின் வயிற்றில் குண்டூசி முனையளவு வெயில் தெரிந்தது. "ஏஞ்சாமி, பத்து மார்க்கு சேத்துனவன் மொத்தத்தக் கூட்ட மறந்துட்டியே. அப்ப இதுலயும் கணக்குல பெயிலுதான்" என்றார். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

துபாய் ஆபீசில் முதல் மாசம் டிரேசிங் ஷீட்டில் மைப் பேனாவால் ஒரு கோடு தப்பாகப் போட்டுவிட்டேன். கை நடுங்குகிறது, ரேங்க் கார்டு கண்ணில் நிற்கிறது. பக்கத்து மேசை மலையாளி சேட்டன் அரை பிளேடை எடுத்து மையை மட்டும் சீவிவிட்டு, மெத்து ரப்பரால் தடவி, கடைசியில் கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை வழவழவென்று அமுக்கித் தேய்த்தார். அதன்மேல் புதுக் கோடு போட்டால் மை ஓடவில்லை. ஆறாவதிலேயே இந்த நகத்து வேலை தெரிந்திருந்தால் என்று அன்றைக்கு நினைத்தேன், அப்போதும் கூட்டல் இடித்திருக்கும், சரி விடுங்கள். டிரேசிங் ஷீட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் ஃபிலிமில் வரைந்தால் மை உள்ளே இறங்காது. வெள்ளை பிளாஸ்டிக் ரப்பரின் முனையைக் கொஞ்சம் ஈரமாக்கித் தேய்த்தால் சுத்தமாகப் போய்விடும். ஆபீசில் யாரும் பார்க்காதபோது நான் எச்சில்தான்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். தேய்த்து அழிக்கிற பேனா ஒன்று மகள் கொடுத்தாள், அதன் மைக்குச் சூடு ஆகாது, 60 டிகிரி தாண்டினால் நிறம் மறைந்துவிடும், தேய்க்கிற சூடுதான் அழிக்கிறது. தெரியாமல் சைட் அளவெல்லாம் அதில் எழுதி ஆகஸ்டில் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டேன். மத்தியானம் நோட்டு வெறும் வெள்ளை. மகள் சொல்லி ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்தேன், காலையில் மங்கலாகத் திரும்பி வந்திருந்தது.

போன தையில் ஊருக்குப் போனபோது பரணில் என் ஜியாமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. ஏழாவதில் பக்கத்துப் பையனின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சென்ட் ரப்பரை, இரண்டு டவுசர் பாக்கெட் கடலைக்காய்க்கு மாற்றிக்கொண்டேனே, அது உள்ளேயே இருந்தது. ஒழுங்காக அழித்ததே இல்லை, மோந்து பார்க்கத்தான். அந்த மாதிரி பிளாஸ்டிக் ரப்பரில் மெத்தென்று இருப்பதற்காகச் சேர்க்கிற எண்ணெய் மாதிரியான சரக்கு மெல்லக் கசிந்து பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும், அதனால்தான் அதைத் தாள் உறையோடு வைக்கச் சொல்வார்கள். நான் உறையை அன்றைக்கே கிழித்துவிட்டேன். ஸ்கேலோடு ஒன்றாக ஒட்டிப்போயிருந்தது. பிய்த்தெடுத்தேன், வாசம் துளிகூட இல்லை. ஸ்கேலில் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் வழுக்கையாக ஒரு பள்ளம், ரப்பரின் அடியில் இடம் வலம் மாறி ஓர் ஏழு.