ஸ்டாக் டர்போவுக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

என் வண்டி போலோ 1.0 டிஎஸ்ஐ. மூன்று சிலிண்டர், 110 பிஎஸ், எஞ்சினில் எந்த மாற்றமும் செய்யவில்லை, அதாவது ஸ்டாக். பிளக் மாற்றப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சொன்னது ஒன்றுதான்: "டர்போடா, ஒரு படி கூல் பிளக் போடு." எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிளக் தன் முனையின் சூட்டை எவ்வளவு வேகமாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் ஹீட் ரேஞ்ச். வேகமாகக் கடத்துவது கூல் பிளக். முனை ஏறக்குறைய 500 டிகிரியையாவது எட்டினால்தான் படியும் கரி எரிந்து போகும். ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் செட்டிங்கை மாற்றி) பூஸ்ட், அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றியவர்களுக்குக் கூல் பிளக் சரி. டிராஃபிக்கில் ஊர்ந்து போகும் ஸ்டாக் வண்டியில் அது கரிதான் பிடிக்கும். கம்பெனிக்காரர்கள் டர்போவைக் கணக்கில் வைத்துத்தானே ஹீட் ரேஞ்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்!

பிளக்கின் ஹீட் ரேஞ்ச் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். என்ஜிகே, டென்சோ பிராண்டுகள் இரண்டிலும் எண் கூடினால் கூல், பாஷில் நேர்மாறு. என்ஜிகே 6-க்கு இணை டென்சோ 20.

அப்புறம் கேப், அதாவது பிளக் முனையில் தீப்பொறி தாண்டும் இடைவெளி. பூஸ்ட் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். தீப்பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். கேப் அகலமாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தும்போது மிஸ்ஃபயர் ஆகும். என்ஜிகே எண்ணின் கடைசியில் வரும் -11 என்பது 1.1 மிமீ கேப்.

நான் மேனுவலில் இருந்த அதே பார்ட் நம்பரையே வாங்கினேன். குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வைத்து, எஞ்சின் ஆறிய பிறகு மாட்டினேன்.