கூட்டாத முற்றம்

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து 15 வருடம். ரூஜ் பூங்கா வீட்டுக்குக் கிட்டத்தான், ஆனாலும் இலை உதிரும் நாட்களில் அங்கே நடந்ததே இல்லை. இந்த ஒக்டோபரில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ரூஜ் என்றால் பிரெஞ்சில் சிவப்பு. ஆற்றங்கரையின் செங்களிமண்ணால் வந்த பெயர். 2015இல் இதைத் தேசிய நகர்ப்புறப் பூங்காவாக ஆக்கினார்கள். நாங்கள் பிடித்தது மாஸ்ட் பாதை. பாய்மரக் கப்பல்களுக்காக நெடுமரங்களை வெட்டிக் கொண்டுபோன 200 வருடப் பழைய வழி. தொடக்கத்தில் ஏற்றம்தான். அம்மா இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார்.

மேலே ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. தலைக்கு மேல் மஞ்சள், காலடியில் மஞ்சள், நடுவில் ஒரு மேப்பிள் மட்டும் குங்குமம் கொட்டின மாதிரி. காற்று வந்தால் இலை விழும் சத்தம்கூடக் கேட்கிறது. பகல் குறையக் குறைய மரம் இலையிலிருக்கும் பச்சையத்தைச் சிதைத்து, சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மஞ்சள், கோடை முழுவதும் பச்சைக்கு அடியில் இருந்ததுதான். சிவப்பு அப்படியில்லை, பெரும்பாலும் அந்தக் கடைசி நாட்களில்தான் புதிதாக உண்டாகிறது. விழப்போகிற இலைக்கு ஒரு புது நிறம்! எனக்கு அது இன்னும் தீராத ஆச்சரியம்.

அம்மாவின் கண் நிலத்தில்தான் இருந்தது. விடியமுன் முற்றம் கூட்டிப் பழகின மனுசி.

"இதையெல்லாம் ஒருத்தரும் கூட்டமாட்டினமோ?"

"கூட்டக் கூடாதம்மா. இப்பிடியே உக்கி மண்ணாகிடும்."

குனிந்து ஒரு கை இலையை விலக்கினார். மேலே காய்ந்த இலை, அடியில் ஈரமாய்க் கறுத்த இலை, அதற்கும் கீழே இலையென்று சொல்லமுடியாத மெத்தென்ற மண். ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது. மணந்து பார்த்தார்.

"அப்பு தோட்டத்துக்குப் பசளையாப் பூவரசங்குழை தாட்ட மாதிரியெல்லோ கிடக்கு."

விலக்கின இலைகளைத் திரும்ப எடுத்து அந்த இடத்தை மூடிவிட்டுத்தான் எழும்பினார். அப்புறம் பாதை முடியும்வரை தாத்தாவின் மிளகாய்த் தோட்டக் கதைதான். நான் கேட்டிராத கதைகள்.

வீட்டு வாசலில், மாநகரசபை எடுத்துப்போவதற்காக நான் கூட்டிக் கட்டிவைத்த 3 கடதாசிப் பைகள் இருந்தன. அம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. ஒரு பையை இழுத்துக்கொண்டு பின்வளவுக் கத்தரிப் பாத்திக்குப் போனார். மற்ற இரண்டையும் நான் தூக்கிக்கொண்டு போனேன்.